இடுப்பில் துப்பாக்கி, கணக்கில் ஒன்றரை நொடி

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயல், தென்தமிழகத்தில் துப்பாக்கியை மிக முன்பே பக்கத்தில் வைத்துப் பார்த்த ஊர்களில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்ச்சுகீசியரின் முக்கிய நிலையம் இங்கே இருந்தது. கேப்டனும் படைவீரர்களும் தங்கியிருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த திரித்துப்பாக்கியில் மருந்தைக் கொட்டி, குண்டைக் கெட்டித்து, கனலும் திரியைப் பொருத்தி ஒருமுறை சுட்டு முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். அதை மறைத்து எடுத்துச் செல்லவும் முடியாது. 1553இல் வடுகர் படையும் கடல்வழி வந்தவர்களும் சேர்ந்து ஊரைத் தாக்கியபோது, அந்தக் கேப்டனும், தமிழ் அச்சுக்கு முன்னோடியான அண்டிரிக் அடிகளாரும் சிறைபிடிக்கப்பட்டார்கள். அந்த நீண்ட ஆயுதம் இன்று உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அரைக் கிலோ எடை, பத்துத் தோட்டா, மேலே ஒளிக்குறிநோக்கி பொருத்துவதற்கென்று முன்கூட்டியே வெட்டிவைத்த இடம்: அன்றாடம் சட்டைக்கடியில் மறைத்து வைத்துக்கொள்ள உலகச் சந்தை இன்று முன்வைக்கும் சிறிய கைத்துப்பாக்கி இதுதான். இதன் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? துல்லியத்தைக்கொண்டு அளப்பதே வழக்கமாக இருக்கிறது. நேரத்தைக்கொண்டு அளக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். தற்காப்பில் மனிதர் தோற்பது பெரும்பாலும் குறி தவறியதால் அல்ல, நொடிகள் போதாததால். இந்தப் புதிய கருவி குறியைத்தான் திருத்துகிறது; நொடிகளை மிகக் குறைவாகவே திருப்பித் தருகிறது.

கருவிக்கு உரிய பாராட்டை முதலில் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் ஒளியியல் உண்மையிலேயே அழகானது. பழைய முறையில் குறிபார்க்க மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: கண்ணுக்கு அருகில் பின்பக்கப் பள்ளம், குழலின் முனையில் முன்பக்க முள், தொலைவில் இலக்கு. மனிதக் கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே தெளிவாகக் குவியும். நீட்டிய கையின் முனையில் இருக்கும் முள்ளைக் கூர்மையாகப் பார்த்தால் எதிரே நிற்பவர் மங்குவார். அவரைப் பார்த்தால் முள் மங்கும். இருபது வயதில் வில்லை நெகிழ்வாக இருப்பதால் கண் இரண்டுக்கும் இடையே வேகமாகத் தாவிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்த பிறகு அந்தத் தாவல் சிரமமாகிவிடும். உரிமம் கேட்டு வருகிறவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி இந்தச் சிக்கலை வேரோடு நீக்குகிறது. சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று வளைந்த கண்ணாடியின் குவியத்தில் வைக்கப்படுகிறது. கண்ணாடியின் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற ஒளியை ஊடே விடுகிறது. குவியத்திலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால், புள்ளி கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதுபோல் தோன்றாமல் வெகுதொலைவில் மிதப்பதுபோல் தோன்றுகிறது. இலக்கின் மேலேயே பார்வையை வைத்தபடி புள்ளியையும் தெளிவாகக் காண முடிகிறது. தலை சற்று விலகினாலும் புள்ளி நகர்ந்து, குழல் நோக்கும் இடத்தையே பெருமளவு சரியாகக் காட்டும்.

இந்தத் தத்துவம் புதிதல்ல. டப்ளினில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புனேயின் மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகத்துக்காக அதே கிரப் நிறுவனம் செய்த 50 சென்டிமீட்டர் தொலைநோக்கி பின்னாளில் கொடைக்கானலுக்கும் அதன்பின் காவலூருக்கும் வந்து சேர்ந்தது. விண்மீனைப் பார்ப்பதற்கும் குறிபார்ப்பதற்கும் ஒரே ஒளியியல்தான் உதவியது. மின்கலத்தில் இயங்கும் வடிவத்தை 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் அதிரும் ஸ்லைடில் அதை உட்காரவைக்கும் அளவுக்கு மின்னணுப் பாகங்கள் சிறுத்தும் உறுதிப்பட்டும் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2015இல் குளோக் நிறுவனம் அதற்கான வெட்டுடனேயே கைத்துப்பாக்கிகளை விற்கத் தொடங்கிய பிறகு இந்த வழக்கம் மேலும் பரவியது. சிறிய துப்பாக்கிக்கு இந்தப் புள்ளி இன்னும் பெரிய உதவி. பள்ளத்துக்கும் முள்ளுக்கும் இடைவெளி 17 சென்டிமீட்டர் இருக்கும் பெரிய துப்பாக்கியில் முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஏழு மீட்டர் தொலைவில் குண்டு நான்கு சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 13 சென்டிமீட்டராகச் சுருங்கினால் அதே பிழை ஐந்தரை சென்டிமீட்டர் ஆகிவிடும். புள்ளிக்கு இந்த இடைவெளியே கிடையாது. மூன்று கலைநிமிட அகலமுள்ள புள்ளி ஏழு மீட்டரில் ஆறு மில்லிமீட்டர் இடத்தைத்தான் மறைக்கும். துல்லியம் ஒன்றே அளவுகோல் என்றால் வாதம் இங்கேயே முடிந்துவிடும். புதிய கருவி வென்றுவிடும்.

ஆனால் சிறியதாக இருப்பதற்கு இயற்பியல் ஒரு விலை கேட்கிறது. 9 மி.மீ. தோட்டாவின் எட்டு கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பாயும்போது, அதே உந்தம் எதிர்த்திசையில் கையைத் தாக்குகிறது. வெளியேறும் வாயுவின் பங்கைச் சேர்க்காமலே கணக்கிட்டால், 800 கிராம் துப்பாக்கியில் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 5 ஜூல். 500 கிராம் துப்பாக்கியில் அது 8 ஜூலை நெருங்குகிறது. உந்தம் மாறாதபோது எடை குறையக் குறைய உதைப்பின் ஆற்றல் ஏறும். இரண்டாவது முறை சுடுவதற்குமுன் புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிக்கும் நேரமும் அதனால் நீளும். இந்தியாவில் இந்தக் கணக்குக்கு ஒரு சட்ட எல்லையும் உண்டு. 9 மி.மீ. தோட்டா தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால் சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடைக்காது. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது .32 வகைதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 7.65 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவும் ரிவால்வருக்கான வேறொரு தோட்டாவும் அதே .32 என்ற பெயரில்தான் புழங்குகின்றன, ஆனால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்று சேராது. பிரௌனிங்கின் தோட்டா ஏறத்தாழ 175 ஜூல் ஆற்றல் தரும், 9 மி.மீ. தருவது 490 ஜூல். கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் பெண்களின் தற்காப்புக்கென்று அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான், எடை அரைக் கிலோ. உதைப்பு மென்மையாக இருப்பது இந்தத் தோட்டாவின் நன்மை. உலகச் சந்தையில் விளம்பரமாகும் 9 மி.மீ. ஒளிக்குறிநோக்கித் துப்பாக்கியின் மதிப்பீட்டை அப்படியே எடுத்து நம் ஊர் உரிமதாரருக்குப் பொருத்த முடியாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

நிலமும் காற்றும் அடுத்த கேள்வியைக் கேட்கின்றன. புன்னக்காயல் முதல் தூத்துக்குடி வரை கடற்காற்றில் உப்பு ஊறியிருக்கிறது. உப்பு விளையும் கரை இது. இடுப்பில் உடலோடு ஒட்டிக் கிடக்கும் எஃகு, காற்றின் உப்போடு வியர்வையின் உப்பையும் சேர்த்து வாங்குகிறது. மேற்பூச்சு நல்லதாக இருந்தாலும் திருகின் துளை, விசைப்பகுதியின் கம்பிச்சுருள், மின்கலத்தின் தொடுமுனை ஆகிய இடங்களில் அரிப்பு முதலில் தொடங்கும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். விளக்கு திறந்தபடி இருக்கும் வகைகளில் ஒரு துளி நீரோ நூல்பிசிறோ விளக்கை மறைத்தால் புள்ளி சிதறும் அல்லது காணாமல் போகும். மூடிய வகைகள் இதைத் தவிர்த்தாலும் எடையும் உயரமும் கூடும். வேட்டியோடும் மெல்லிய பருத்திச் சட்டையோடும் நடமாடும் வெப்பநாட்டில், குறிநோக்கி துருத்திக்கொண்டு நிற்கும் துப்பாக்கியை மறைப்பது குளிர்நாட்டுக் கோட்டுக்குள் மறைப்பதுபோல் எளிதல்ல. ஆயுத விதிகள் 2016, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு மூடியே எடுத்துச் செல்லச் சொல்கின்றன. எனவே மறைப்பது விருப்பத்தைச் சேர்ந்ததல்ல, கடமை. இவற்றையெல்லாம் பராமரிப்பால் சமாளிக்கலாம். பராமரிப்புக்குச் செலவிட நேரம் இருக்கிறது. தாக்குதல் வந்துவிட்டால் அது இருக்காது.

அந்த நேரத்தைத்தான் 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் அளந்தார். கத்தியோடு ஓடிவருகிற ஒருவர் 21 அடியை, அதாவது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து உருவிச் சுடுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரமே ஆகிறது. அந்தக் காவலரின் உறை வெளியில் தெரிவது. மறைத்து வைத்திருப்பவர் முதலில் ஆபத்தை உணர வேண்டும். எதிர்பார்த்த எளிய சமிக்ஞைக்கே மூளை கால் நொடி எடுக்கிறது, எதிர்பாராததைப் புரிந்துகொள்ள அதைவிடக் கூடுதல். பிறகு சட்டையை விலக்க வேண்டும், பிடி சரியாக அமைய வேண்டும், உருவ வேண்டும், நீட்ட வேண்டும், சுடுவது நியாயமா என்றும் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒளிக்குறிநோக்கி உதவுவது கடைசிக் கண்ணியில் மட்டும். தென்மாவட்டங்களின் பழிவாங்கும் கொலைகளில் பெரும்பாலும் வெளிவருவது அரிவாள். பைக்கில் வந்து வழிமறிக்கும் கும்பலோ, தெருமுனையில் காத்திருக்கும் ஆளோ கைநீட்டும் தொலைவுக்கு வந்த பிறகே ஆயுதத்தை எடுக்கிறார்கள். அந்தத் தொலைவில் ஆறு மில்லிமீட்டர் துல்லியத்துக்கு வேலையே இல்லை, இல்லாதது நொடிதான். முறையாகப் பயிற்சி பெறும் தொழில்முறையினருக்கே இது எவ்வளவு கடினம் என்பதற்கு நியூயார்க் காவல்துறை சாட்சி. 1998 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் 18 விழுக்காடுதான் இலக்கில் பட்டன; எதிராளி சுடாத சம்பவங்களிலும் அது 30 விழுக்காடுதான். தவறிய குண்டுகள் மறைந்துவிடுவதில்லை. கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்திலோ அவை வேறெங்காவது போய்த்தான் நிற்கும்.

இந்த நேரக்கணக்குக்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அந்தக் குடும்பத்தின் முதல் மாதிரி 1900இல் வந்தது. ஏறத்தாழ 625 கிராம் எடை, ஏழு தோட்டா, 7.65 மி.மீ. அளவு. தட்டையான உடலும் குட்டைக் குழலும் உள்ள இந்த வகை, சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கேற்ற நவீனத் துப்பாக்கியின் முன்மாதிரி. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார் என்பது பதிவாகியிருக்கிறது. அந்தச் செயலின் அரசியலை வரலாறு தனியே பேசும். இங்கே பொருள் அதன் காலக்கணக்கு. தொலைவு ஒரு பெட்டியின் அகலம். இடத்தையும் நேரத்தையும் முன்பே தீர்மானித்தவர் வாஞ்சிநாதன். ஆஷின் இடுப்பில் எவ்வளவு சிறந்த துப்பாக்கி இருந்திருந்தாலும், எதிரே வருகிறவர் யார் என்று அவர் புரிந்துகொள்ளும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். மறைத்து வைக்கும் ஆயுதம் யாருக்கு அனுகூலம் என்பதை மணியாச்சி தெளிவாகச் சொல்கிறது: நேரத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு. தற்காத்துக்கொள்பவர் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. துப்பாக்கியை எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்தச் சமனின்மை அப்படியே நிற்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பயிற்சி. பயிற்சியால் நொடிகள் குறையும் என்பது உண்மை. உருவும் அசைவைத் தசைகள் பழகிக்கொண்டால் அரை நொடியையாவது மிச்சப்படுத்தலாம். அப்படிப் பயின்றவருக்கு, குறிப்பாக வெள்ளெழுத்து வந்தவருக்கு, சிவப்புப் புள்ளி மெய்யான உதவி. பயிலாதவருக்கு அதே புள்ளி முதலில் இடைஞ்சல்தான்; மணிக்கட்டு சற்று மேலோ கீழோ சாய்ந்தால் சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள் புள்ளி தெரியாது, அதைத் தேடுவதிலேயே நேரம் போகும். கையில் பதியும்வரை பழக நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுட வேண்டும், பழகியதை இழக்காமல் வைத்திருக்கத் தொடர்ந்தும் சுட வேண்டும். இந்திய உரிமத்தில் ஓராண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்ற வரம்பு எழுதப்பட்டே வருகிறது. சுடுதளங்கள் பெருநகரங்களிலும் ஒருசில துப்பாக்கிச் சங்கங்களிலும்தான் இருக்கின்றன. காற்றுத் துப்பாக்கியில் பயிலலாம், வெற்றுத் துப்பாக்கியில் உருவிப் பழகலாம்; உதைப்பைத் தாங்கும் பழக்கம் அவற்றால் வராது. துப்பாக்கி வாங்கக் காசு ஒருமுறை போதும், நொடிகளை வாங்கப் பயிற்சி வாழ்நாள் முழுதும் வேண்டும். இந்த இரண்டாவது செலவைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

இரண்டாவது மறுப்பு: எடுக்க வேண்டியே வராவிட்டாலும், வைத்திருப்பதே ஒரு பாதுகாப்பு அல்லவா? மறைத்து வைத்தது எதிராளிக்குத் தெரியாது. தெரியாத ஆயுதம் யாரையும் தயங்கவைக்காது. ஊருக்குத் தெரிந்துவிட்டாலோ, அது பறிக்க வேண்டிய பொருளாகிறது. இதைவிடக் கனமான பதில் வீட்டுக்குள் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2.6 கோடி வயது வந்தோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் முப்பத்தைந்து மடங்கு. அதே ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கைத்துப்பாக்கி உரிமையாளருடன் ஒரே வீட்டில் வசித்தவர்கள் கொலையில் இறந்த விகிதம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மனம் உடையும் கணம் எந்த நாட்டிலும் குறுகியது, அந்தக் கணத்தில் கைக்கெட்டும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதே உயிரை முடிவு செய்கிறது. இதற்கான சான்று நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் கிடைத்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அங்கே 1995 முதல் அடுத்தடுத்துத் தடை செய்தபோது, தற்கொலை விகிதம் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. மனிதர்கள் அதே மனிதர்கள்; கைக்கெட்டியது மட்டும் மாறியது. அன்றாடம் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட பொருள், எப்போதும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கும். சிறியது, இலேசானது, எளிதில் எடுக்கக்கூடியது என்று விளம்பரம் சொல்லும் அதே குணங்கள், வீட்டில் துயரத்தில் இருக்கும் ஒருவருக்கும் குழந்தைக்கும் எளிதாக இருக்கும் குணங்கள்தான்.

மூன்றாவது மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. சாதிவெறிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், மணல் கொள்ளையைத் தட்டிக்கேட்டவர், உயிருக்கு மிரட்டல் வந்தவர் ஆகியோரின் ஆபத்து கற்பனையல்ல. தூத்துக்குடி மாவட்டத்தின் முறப்பநாட்டில் 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தன் உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையை இந்தியச் சட்டம் ஏற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவை. உயிர் அச்சுறுத்தல் உள்ளவர் உரிமம் கோருவதில் தவறே இல்லை. ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரை அரிவாளோடு நுழைபவர்கள் நெருங்க எத்தனை நொடி ஆகும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டால், அவருக்கு முதலில் வேண்டியது எது என்பது தெரியும்: புகார் வந்த அன்றே நடவடிக்கை, பூட்டக்கூடிய கதவு, உடன் ஒரு காவலர், கேமரா, தனியே இருக்க வேண்டாத பணிமுறை. இவை ஒவ்வொன்றும் ஒன்றரை நொடியை நிமிடங்களாக நீட்டுகின்றன. ஒரு குடிமகன் தன் இடுப்பில் துப்பாக்கி சொருக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால், அவருக்கு நேரம் வாங்கித் தர வேண்டிய அமைப்புகள் அதற்கு முன்பே தவறிவிட்டன. அந்தத் தவறைத் தனிமனிதர் காசு கொடுத்து வாங்கும் கருவியால் அடைத்துவிட முடியும் என்ற நம்பிக்கை, அவரை மேலும் தனிமைப்படுத்தும்.

உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன; தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் குறைவாக இருப்பதைச் சிலர் குறையாகப் பார்க்கலாம். கோபம் தலைக்கேறும் நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் துப்பாக்கி இல்லை என்பது, கேட்காமலே நமக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு. அதைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது.

ஆகவே சிறிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தற்காப்புக்காக எடைபோடுகிறவர் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு வரக்கூடிய ஆபத்து எந்தத் தொலைவில், எவ்வளவு வேகத்தில் வரும்? அதை முன்கூட்டி அறிய, தவிர்க்க, தாமதப்படுத்த என்ன வழி இருக்கிறது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் அது எந்தப் பூட்டுக்குள் இருக்கும்? பயிற்சிக்கு ஆண்டுதோறும் எத்தனை நாள் ஒதுக்குவேன், உரிமம் எத்தனை தோட்டாவுக்கு இடம் தருகிறது? இந்த உப்புக்காற்றில் வாரந்தோறும் அதைத் துடைத்து எண்ணெய் பூசப் பொறுமை உண்டா? இவற்றுக்கெல்லாம் தெளிவான பதில் வைத்திருப்பவர் மட்டும் எடை, தோட்டா, குறிநோக்கி ஆகிய கேள்விகளுக்குப் போகலாம். அவர் போகும்போது சிவப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவாகவே இருக்கும். முதல் கேள்விகளில் தடுமாறுபவர் துப்பாக்கியைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்காகும் பணத்தையும் உழைப்பையும் கதவுக்கும் வெளிச்சத்துக்கும் துணைக்கும், காவல்துறையைச் செயல்படவைக்கும் கூட்டு முயற்சிக்கும் கொடுப்பது நல்லது. நொடிகளைப் பெருக்கித் தருவதில் இவை எல்லாமே அந்தச் சிறிய கைத்துப்பாக்கியைவிடத் திறமையானவை.